கேள்விதான் கேட்டேன்

உங்கள் அறை மூலையில் இருக்கிற தண்ணீர் இயந்திரத்துக்கு ஃபில்டர் மாற்றி வெகுநாளாகிவிட்டது, சார். குழாயைத் திறந்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு வருகிறதே, அதுதான் அடையாளம். குடிக்கலாம், உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதைப் பராமரிக்க வருகிறவன் உங்களை ஏமாற்றுகிறான். மேல்மூடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். என் தொழிலில் அப்படிப்பட்ட ஆட்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை.

நீங்கள் கேட்பது படிக்கட்டில் நடந்ததை. எங்கள் குடியிருப்பு லேப் அம்மாவைத் தள்ளிய கை யாருடையது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் கை இல்லை. அந்த நேரத்தில் என் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கையைத் தேடிக்கொண்டிருந்தால் இந்த வழக்கு உங்கள் காலத்தில் முடியாது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைக் காட்டுவார். அதனால் நானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கும் பிரயோஜனப்படும். மனுஷர்கள் ஒன்றை எப்படி நம்பத் தொடங்குகிறார்கள் என்பது உங்கள் வேலைக்குத் தேவையான விஷயம்.

நான் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவன். விற்பது, மாட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் நானே. இந்தத் தொழிலில் ஒரு வித்தை இருக்கிறது. இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் நம் இயந்திரத் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தால், குழாய்த் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். நம் தண்ணீர் பளிங்காக நிற்கும். வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இதையா இத்தனை நாளா பிள்ளைக்குக் குடுத்தேன்" என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த இடத்தில் பேசுகிறவன் வியாபாரம் தெரியாதவன்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியின் இரும்பு கரைந்து வருவது. குழாய்த் தண்ணீரில் இயற்கையாக உப்பு இருக்கிறது, அதனால் கரண்ட் பாய்ந்து கம்பி அரிக்கிறது. நம் தண்ணீரில் உப்பை எடுத்துவிடுவதால் பாயாது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. நான் யாரிடமும் இந்தத் தண்ணீர் கெட்டது என்று சொன்னதில்லை. கம்பியை விட்டேன், அவர்கள் பார்த்தார்கள்.

எனக்கு ஒரே மகள். அவள் நடை பழகும் வயதில் என் மனைவி போய்விட்டாள். அப்புறம் அவளுக்கு அம்மா, அப்பா, அக்கா, தங்கை எல்லாம் நான்தான். தலை பின்னக் கற்றுக்கொண்டது முதல் பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது வரை எல்லாம் செய்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிநாள் கடலில். அதனால் மகளும் பேத்தியும் என்னோடு இருந்தார்கள். மூன்றாவது பிறந்தநாள் இனிமேல்தான் வர வேண்டியிருந்தது அந்தக் குட்டிக்கு. என் மகள் என்னை நம்புகிறாள், சார். அப்பா சொன்னால் சரி என்று வளர்ந்த பெண். எனக்கு வேறு சொத்து கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் குடியிருப்பில் நாலைந்து கட்டடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பம்பு அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து டெமோ காட்டினேன். மகள் முன்வரிசையில், மடியில் குட்டி. கம்பியைப் போட்டேன், தண்ணீர் நிறம் மாறியது, 'உச்' கொட்டினார்கள். அப்போதுதான் மூன்றாவது மாடி லேப் அம்மா எழுந்தார். நகரக் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தனியாள். சிரிக்கத் தெரியாத முகம், யார் வீட்டு விசேஷத்துக்கும் வராத சுபாவம்.

"யாராவது கொஞ்சம் உப்பு எடுத்துட்டு வாங்க" என்றார்.

உப்பு வந்தது. பளிங்காக நின்ற என் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டுக் கம்பிகளை விட்டார். அதுவும் சாக்கடை ஆனது. குழாய்த் தண்ணீரைவிட மோசமாக.

"அழுக்கு தண்ணில இல்லைங்க. இவரு கம்பில இருக்கு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். இரும்பு, உப்பு, கரண்ட் என்று பள்ளிக்கூடப் பாடம்போல விளக்கினார்.

பஸ் டிரைவர் ஒருவர் உண்டு எங்களிடையே, வாய் சும்மா இருக்காது. "அண்ணே, உங்க தண்ணிக்கு உப்புப் போட்டாத்தான் ரோஷம் வருதுபோல" என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது. தினமும் என்னைப் பார்த்தால் அண்ணே, மாமா, சித்தப்பா என்கிற ஜனம். அத்தனை பல்லையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான், சார், என் வயிற்றில் இன்னும் எரிகிறது. வியாபாரம் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இந்த ஊரில் வீட்டுக்கா பஞ்சம், தண்ணீருக்கா பஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தம்மா உப்போட வேற ஏதோ சேர்த்துட்டாங்கப்பா. நான் அவங்க கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். உள்ளங்கையில என்னமோ இருந்துது" என்றாள்.

ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவள் பொய் சொல்லவும் இல்லை. அப்பா ஏமாற்றுக்காரன் என்று ஒப்புக்கொள்வதா, அந்தம்மா கையில் ஏதோ இருந்தது என்று பார்ப்பதா என்று அவள் மனதுக்கு இரண்டே வழி இருந்தது. மனது தனக்கு நோகாத வழியைப் பார்த்தது, கண் அதற்கு ஒத்தாசை செய்தது. வீடுவீடாக அலைந்து நான் கற்காததை அன்றைக்கு என் மகள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கற்றுக்கொடுத்தாள். நம்ப வைக்க ஆதாரம் தேவையில்லை. நம்பாவிட்டால் எதை இழக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

"இருக்கலாம்மா" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

மழைக்காலம் வந்தது. மழை நாளில் குடிநீரில் குளோரினைக் கொஞ்சம் கூட்டுவார்கள்; அது ஊருக்கு ஊர் வழக்கம்தான். எங்கள் பம்பு அறையிலும் தொட்டிக்குப் போகும் குழாயில் சொட்டுச் சொட்டாகக் குளோரின் கலக்கிற சின்ன மோட்டாரும் ஒரு நீல டிரம்மும் இருந்தன. அதை மாட்டச் சொல்லிக் குடிநீர் அலுவலகத்தில் பேசி ஏற்பாடு செய்தவர் லேப் அம்மா. அதனால் தண்ணீரில் லேசாக வாடை வரும். இரண்டாவது மாடியில் ஃபில்டர் மாற்றப் போனபோது அந்த வீட்டம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா."

"லேப் அம்மா நம்ம கட்டடத்துக்கு வந்தது எப்ப?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான். நான் விதைத்தது அந்த ஒன்றுதான். அடுத்த வீட்டில், "கீழ் வீட்டில வாடை வருதுங்கிறாங்க, உங்களுக்கும் அப்படியா?" என்றேன். அதற்கடுத்த வீட்டில் அவர்களே எனக்குச் சொன்னார்கள். வாரக்கடைசியில் அது என்னிடமே திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கை, கால், மீசை எல்லாம் முளைத்திருந்தது. தண்ணீரில் ஒரு பொடி கலக்கிறார்கள். ஜனங்கள் எதிர்த்துப் பேசாமல் மந்தமாக இருப்பதற்கு. வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று நம்மை வைத்துச் சோதனை செய்கிறது. லேப் அம்மா அவர்களுடைய ஆள். இத்தனையும் என் கற்பனைக்கு எட்டாதவை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது, மென்றார்கள்.

லேப் அம்மாவின் வேலையே அவருக்கு எமனாக வந்தது. விடிந்ததும் தெருக்கோடிக் குழாயில் மாதிரித் தண்ணீர் பிடிப்பார். பிடிப்பதற்கு முன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்தி குழாயின் வாயைச் சுடுவார். வாயில் ஒட்டியிருக்கிற கிருமி மாதிரியில் கலந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்வது முறை. அப்புறம் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போவார். இத்தனை நாளாக எல்லோரும் பார்த்தும் பார்க்காமல் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஜன்னலுக்கு ஜன்னல் தலை. "குழாய்க்கு எதுக்குங்க தீ வைக்கணும்?" என்று டிரைவர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். "அதானே" என்றேன்.

"நெருப்பில்லாம புகையுமா அண்ணே" என்றார் அவர். அதற்குமேல் அவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

உங்களுக்கு இது முட்டாள்கள் கூட்டம் என்று தோன்றலாம். அப்படி நினைக்காதீர்கள். முட்டாள்களை நம்ப வைப்பது கஷ்டம், அவர்கள் கவனிப்பதே இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டத் தெரிந்தவன்தான் இதில் விழுவான். எங்களிடையே பேங்க்காரர் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற மேனேஜர், தினமும் மூன்று பேப்பர் படிப்பவர். அவர் மனைவி அந்தக் கோடையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து போனார். டாக்டர்கள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். ஏன் வெடித்தது என்று கேட்டால், சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள். சிலருக்கு அப்படி ஆகும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுதானா பதில்? அந்த மனுஷர் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் தூங்காமல் இருந்தார்.

அவர் வீட்டில் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "அக்கா கடைசி வரைக்கும் குழாய்த் தண்ணிதானே குடிச்சாங்க, அண்ணே?"

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி, இத்தனை பேர் வந்து துக்கம் கேட்டாங்க. ஒருத்தனுக்கும் இது தோணலை பாருங்க" என்றார். நன்றியோடு அழுதார். எந்த டாக்டரும் தராததை நான் தந்தேன்: ஒரு குற்றவாளி. ஒன்றுமில்லாததற்காக ஒருத்தி செத்தாள் என்பதை மனுஷனால் தாங்க முடியாது, சார். கொன்றார்கள் என்றால் தாங்கிக்கொள்வான். கோபப்பட ஒரு முகம் கிடைத்துவிட்டதே. அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னார். அதை நான் பாவம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

லேப் அம்மா சும்மா இருக்கவில்லை. பரிசோதனை முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். "அவங்களே எழுதி அவங்களே கையெழுத்துப் போட்டதுதானே" என்றார்கள். கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர் குடித்துக் காட்டினார். "மாத்து மருந்து முன்னாடியே முழுங்கியிருப்பா" என்றார்கள். கோபத்தில் ஒருநாள் கத்தினார். "மடியில கனமில்லைன்னா எதுக்குப் பதறணும்?" என்றார்கள். பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார். "பாத்தீங்களா, வாயே திறக்கலை" என்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் என் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புப் போட்டால் ரோஷம் வரும் என்றார்களே, வந்தது.

பம்பு அறைப் பூட்டை உடைக்கப் போன கூட்டத்துக்குப் பேங்க்காரர்தான் தலைமை. டிரைவர் கையில் கடப்பாரை. எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள். குழாயை அடித்து நொறுக்கினால் தொட்டித் தண்ணீர் முழுக்க வெளியேறிக் கீழ்வீடுகள் மிதக்கும். அதனால் நான் முன்னே போய், "தள்ளுங்க, முறையாக் கழட்டணும்" என்றேன். வால்வை மூடினேன், மோட்டாரைக் கழற்றினேன், குழாய் முனைக்கு மூடி போட்டேன், நீல டிரம்மை வெளியே வைத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கை தட்டினார்கள். அன்றைக்குச் சிரித்த அதே கூட்டம், அதே முகங்கள். மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "தாத்தா பாரு, தாத்தா பாரு" என்று காட்டினாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் அக்கம்பக்கமாகப் போகின்றன. இரண்டும் பழசு, இரண்டும் கசியும். மழையில் பள்ளம் நிறைந்தால் அதுவும் இதுவும் கலக்கும். குளோரின் இருந்தவரை அது யாருக்கும் தெரியாத விஷயம். உடனே ஒன்றும் ஆகாது, நாலு நாள் பொறுத்து அலுவலகத்திலிருந்து வந்து திரும்ப மாட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். பேங்க்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருப்பி அனுப்பிவிட்டார்.

என் வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. என் வீட்டில் என் இயந்திரம் இருந்தது. கிருமியைக் கொல்லும் விளக்கு உள்பட எல்லாம் போட்டு நானே மாட்டியது. ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது மகள் சமையலறைக் குழாயைத் திறந்து குட்டியின் கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நேராகக் குழாயிலிருந்து.

"ஃபில்டர் தண்ணி இல்லையாம்மா?" என்றேன்.

"இப்பதான் குழாய்த் தண்ணியே சுத்தமாயிடுச்சேப்பா. நீங்கதானே கழட்டினீங்க" என்று சிரித்தாள். "ஃபில்டர்ல சத்தெல்லாம் போயிடுதாம். பேங்க் அங்கிள் சொன்னாங்க. எல்லா வீட்லயும் இப்ப இப்படித்தான் குடுக்கிறாங்க."

குட்டி இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். பாதி சட்டையில்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை, சார். கொடுக்காதே என்றால் ஏன் என்பாள். கிருமி என்றால், அப்படியானால் அந்த மோட்டார் எதற்கு இருந்தது என்பாள். நூலைப் பிடித்து இழுத்தால் புடவையே வந்துவிடும். கடைசியில் கூடத்தில் அந்த உப்புத் தம்ளர்வரை போய் நிற்கும். நான் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். நாளைக்கு இதமாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் லேப் அம்மா என் கடைக்கு வந்தார். மழையில் நனைந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இங்க இருக்கிறவங்கள்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். "கம்பி விஷயத்துல நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. தனியா சொல்லியிருக்கணும். தப்புதான். அதுக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா மாதிரியெல்லாம் ரொம்ப மோசமா வருது. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. அந்த மோட்டாரைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க."

அவர் அப்படிக் கெஞ்சுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை, ரொம்ப நன்றாக இருந்தது.

"நான் என்ன மேடம், கம்பி விக்கிறவன். நீங்கதான் படிச்சவங்க" என்றேன்.

அவர் மழையில் இறங்கிப் போனார். மறுநாள் வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன.

எங்கள் குட்டிக்கு விடியற்காலையில் ஆரம்பித்தது. முந்தின ராத்திரி தாத்தா என்று என் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தவள், மதியத்துக்குள் கண்கள் குழிந்து, உதடு காய்ந்து, தோளில் துணிபோலக் கிடந்தாள். அழக்கூட இல்லை. குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சுதான்: மோட்டாரைக் கழற்றியதற்குப் பழி வாங்க லேப் அம்மா தொட்டியில் எதையோ கலந்துவிட்டாள். இந்தக் கதையை நான் கிளப்பவில்லை, சார். இதற்கு நான் தேவைப்படவே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாம்மா?" என்றேன் மகளிடம். கேட்டேன்.

"அங்க ஏத்துறதும் அவங்க தண்ணிதானேப்பா" என்றாள். கண் சிவந்திருந்தது. "எல்லாம் ஒரே ஆளுங்க."

அப்போது கதவு தட்டப்பட்டது. லேப் அம்மா. தோளில் பெரிய பை, அது நிறைய உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலந்து வாய்க்கு வாய் கொடுத்தால் போதும், உடம்பில் வற்றினது திரும்பும். வீடுவீடாக ஏறிக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பல கதவுகள் திறக்கவே இல்லை. கீழே படிக்கட்டில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. பேங்க்காரரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

லேப் அம்மா என்னோடு பேசவில்லை. என் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்து, "ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இரும்மா. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதே. உடனே குடு" என்றார். பொட்டலத்தை நீட்டினார். மகள் வாங்கிக்கொண்டாள். கீழே சத்தம் நெருங்கியது. நான் கதவைச் சாத்தினேன்.

மகள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் குட்டி. என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சைத் தாளை நீட்டிவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை.

"அப்பா, குடுக்கட்டுமா?" என்றாள்.

வெளியே ஒரு அலறல் கேட்டது, படிகளில் எதுவோ உருளும் சத்தம் கேட்டது. அதைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள். இங்கே, கதவுக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு கேள்வி இருந்தது. கொடு என்று சொன்னால் குட்டி பிழைப்பாள். அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். கொடு என்று சொன்னால், அந்தம்மா நல்லவள் என்று ஆகும். அந்தம்மா நல்லவள் என்றால், வெளியே உருண்டு விழுந்தது யார் என்று ஆகும். அப்பா யார் என்று ஆகும். இத்தனையும் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து நிற்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

"உன் இஷ்டம்மா" என்றேன். "பெத்தவ நீதானே."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தில் தேடினாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் டிரைவர் எங்கிருந்தோ ஒரு வண்டி பிடித்து வந்தார். அப்போதுதான் மகள் சம்மதித்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் குட்டியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. "மதியமே வாயால ஏதாவது குடுத்திருந்தாக்கூட" என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதே வராந்தாவில், கொஞ்சம் தள்ளி, துணி போர்த்திய இன்னொரு ஸ்ட்ரெச்சர் நின்றது. லேப் அம்மாவின் கால் வெளியே தெரிந்தது. செருப்பு ஒன்றுதான் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே பேச்சைக் கிளப்பியவன் நான். செத்துப்போன மனைவியைக் காட்டிப் பேங்க்காரரைக் கிளறிவிட்டவன் நான். மோட்டாரைக் கழற்றியவன் நான். லேப் அம்மாவைத் தள்ளிய கை யாருடையதானாலும், அந்தக் கையைப் படிக்கட்டுக்கு அனுப்பியவன் நான். குடியிருப்பில் செத்த மற்றவர்களையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

என் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். என்னைத் தப்பாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள், இதுவும் அந்தக் கூட்டத்தின் வேலைதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சாப்பிடவில்லையாம். லேப் அம்மா கொடுத்த பொட்டலத்தைக் கையால் தொட்டதால்தான் குழந்தை போய்விட்டது என்று அவள் நம்புகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்டாள், "அதை நான் வாங்கியிருக்கவே கூடாது இல்லப்பா?" என்று. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நீங்கள் இதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டப் போவதாகச் சொல்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம், சார். உண்மை தெரிந்தால், குழந்தைக்கான மருந்தைத் தன் கையாலேயே தொட்டியில் கொட்டியது தெரியும். பெற்ற தாய் அதைத் தெரிந்துகொண்டு எப்படி உயிரோடு இருப்பாள்? இப்போது அவளுக்கு வெறுக்க ஒரு ஆள் இருக்கிறாள், நம்ப ஒரு அப்பா இருக்கிறான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை நான் எனக்காகக் கேட்கவில்லை.